மார்புக் காம்பில் வலி, எரிச்சல், வெடிப்பு: எதனால் வருகிறது, என்ன செய்யலாம்

தலைவலி, வயிற்றுவலி என்றால் வாசலில் நின்றே சொல்லிவிடுகிறோம். காம்பு எரிகிறது, உள்ளாடை பட்டாலே சுள்ளென்கிறது, வெடித்து ரத்தம் வருகிறது என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவே பல பெண்களுக்கு நாள் கணக்காகும், டாக்டரிடம் சொல்ல மாதக் கணக்காகும். நடுராத்திரியில் போனை எடுத்துத் தேடினால் இரண்டாவது வரியிலேயே புற்றுநோய் வந்து நிற்கும், அதோடு தூக்கமும் போச்சு. ஆனால் காம்பு வலியோடு வருகிற பெரும்பாலான பெண்களுக்குக் காரணம் ஹார்மோனாகவோ உரசலாகவோ தோல் பிரச்சினையாகவோ, குழந்தை பெற்றவராக இருந்தால் பாலூட்டும் முறையாகவோதான் இருக்கும். கவனிக்க வேண்டிய சிலவற்றில் வலியே இல்லாமலும் இருக்கலாம், சிக்கலே அங்கேதான். அதனால் எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, எந்த நேரத்தில் வருகிறது, தோல் பார்க்க எப்படி இருக்கிறது, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

காம்புக்கு உணர்ச்சி தருவது முக்கியமாக நான்காவது விலா எலும்புக்குக் கீழே ஓடும் நரம்பின் கிளைகள். அந்த நரம்பு நுனிகள் அங்கே நெருக்கமாக இருப்பதால்தான் உடம்பில் வேறு இடத்தில் பொருட்படுத்தாத ஒரு சின்ன உரசல்கூட அங்கே உயிர் போகிற மாதிரி தெரிகிறது. காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்குமே, அவை பருக்கள் இல்லை. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள். அயர்லாந்தின் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1837இல் இவற்றை விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே மான்ட்கோமரி சுரப்பிகள் என்கிறார்கள். கர்ப்ப காலத்தில் இவை நன்றாகப் பெரிதாகும். பரு என்று நினைத்துப் பிதுக்கிப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முதலில் மாதச் சுழற்சி. கருமுட்டை வெளியான பிறகு, அதாவது பீரியட்ஸுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்து மார்பு கனத்து, காம்பு கூசி, பீரியட்ஸ் வந்ததும் தணிந்துவிட்டால் அது ஹார்மோன் வலி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நாட்காட்டியில் இரண்டு மூன்று மாதம் குறித்துப் பார்த்தால் போதும், தானே புரியும். கர்ப்பம் தரித்தவர்களில் சிலருக்கு நாள் தள்ளிப்போவதற்கு முன்பே காம்பு கூச ஆரம்பிக்கும், அதனால் சந்தேகம் இருந்தால் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது மேல். கருத்தடை மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்கள், மாதவிடாய் நிற்கப்போகும் நாற்பதுகளின் கடைசி, மூத்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமப்பது, இவை எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இதற்கு நன்றாகத் தாங்கும் பிரா, தேவைப்பட்டால் பாரசிட்டமால், மார்பு வலி அதிகமென்றால் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல், இவையே பலருக்குப் போதும். ஆனால் பால் கொடுப்பவர்கள் அந்த ஜெல்லைக் காம்பில் தடவக்கூடாது, குழந்தையின் வாய்க்குள் போய்விடும். நம் ஊரில் இந்த வலிக்கு ஈவினிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் கேப்சூலை மாதக் கணக்கில் எழுதிக் கொடுக்கிறார்கள். பலன் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்று பிரிட்டனில் 2002லேயே அதன் மருந்து உரிமத்தை விலக்கிக்கொண்டார்கள். கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் விலையைப் பார்த்தால் எனக்கு மனசு வரவில்லை.

உரசல் வலியைக் கண்டுபிடிப்பது சுலபம். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு, ஆண்களுக்கும்தான், வியர்வையில் நனைந்த சிந்தெடிக் பனியன் திரும்பத் திரும்பத் தேய்த்துக் காம்பில் ரத்தமே வரும். ஓடாதவர்களுக்கு, அளவு சரியில்லாத பிரா, உள்பக்கம் தையலோ லேஸோ காம்பின் மேல் வருவது, வெயில் காலத்தில் நாள் முழுக்க ஈரமாகவே இருப்பது. பருத்தி உள்ளாடைக்கு மாறி, வெளியே கிளம்பும் முன் கொஞ்சம் வாசலின் தடவினால் சில நாட்களில் ஆறிவிடும். ஆறவில்லை என்றால் காரணம் உரசல் இல்லை என்று அர்த்தம்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். பால் கொடுக்கும் தாய்மார்களின் வலி.

"முதல் பிள்ளைன்னா அப்படித்தான், பல்லைக் கடிச்சுக்கோ, காம்பு பழகிடும்." நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் எல்லோரும் கேட்ட வாசகம் இது. இதில் பாதிதான் உண்மை. முதல் வாரத்தில் குழந்தை வாய் வைத்ததும் முதல் அரை நிமிடம் சுருக்கென்று வலித்து, அப்புறம் தணிந்துவிடுவது சாதாரணம், அது பத்து நாளுக்குள் போய்விடும். ஆனால் குடிக்கும் நேரம் முழுக்க வலித்தால், வெடித்தால், ரத்தம் வந்தால், குழந்தை அழுதாலே தாய்க்குப் பயம் வந்தால், அது பழக வேண்டிய வலி இல்லை. முக்கால்வாசி நேரம் குழந்தை மார்பைப் பிடிக்காமல் காம்பை மட்டும் பிடித்திருக்கிறது என்றுதான் பொருள்.

உங்கள் நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். முன்பக்கம் எலும்பு, கடினமாக இருக்கும், பின்னால் போகப்போக மெத்தென்று ஆகும். காம்பு குழந்தையின் வாயில் அந்த மெத்தென்ற இடம் வரை போக வேண்டும். அப்படிப் போக வேண்டுமென்றால் கருவட்டத்தின் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் இருக்க வேண்டும். காம்பு மட்டும் உள்ளே இருந்தால் நாக்குக்கும் கடின அண்ணத்துக்கும் நடுவில் அது நசுங்குகிறது, ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை. குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக வந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனைபோல ஒரு பக்கம் சரிந்து, தட்டையாகி, நுனி வெளுத்து வந்தால் பிடி சரியில்லை. குடிக்கும்போது டொக் டொக்கென்று சத்தம் வருவது, கன்னம் குழிவது, இவையும் அதே செய்திதான்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம், உட்காரும் விதம். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, முதுகை வளைத்துக் குனிந்து மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோகிறோம். குழந்தை கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கிறது. நீங்களே தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், தெரியும். முதுகைச் சாய்த்து உட்காருங்கள், தலையணை வைத்துக் குழந்தையை உயர்த்துங்கள், குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும், காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு. மேல் உதட்டில் காம்பால் தொட்டால் குழந்தை கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறக்கும், அந்த நொடியில் குழந்தையை மார்பிடம் இழுங்கள், மார்பைக் குழந்தையிடம் தள்ளாதீர்கள். தாடை மார்பில் அழுந்தி, கீழ் உதடு வெளியே மடிந்திருந்தால் சரி. வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாய் ஓரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி முயலலாம். நாலு தடவை எடுத்து எடுத்து வைத்தாலும் தப்பில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதாவது கிட்டத்தட்டப் பாதித் தாய்மார்கள் வயிற்றில் தையலோடுதான் பாலூட்டக் கற்றுக்கொள்கிறார்கள், மடியில் போட்டுக் கொடு என்று அவர்களிடம் சொல்வது கொடுமை. குழந்தையைக் கக்கத்தில் இடுக்கியதுபோல, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி வைத்துக் கொடுக்கலாம், ஒருக்களித்துப் படுத்தபடியும் கொடுக்கலாம். வார்டில் இருக்கும்போதே நர்ஸைக் கூப்பிட்டு ஒரு தடவை பிடியைப் பார்க்கச் சொல்லுங்கள். உட்காரும் நிலை, பிடி எல்லாம் சரிசெய்தும் வலி குறையவில்லை என்றால் குழந்தைக்கு நாக்கின் அடியில் இருக்கும் நாண் குட்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் வெட்டிவிட வேண்டியதில்லை, குடிப்பதற்குத் தடையாக இருந்தால் மட்டும்தான்.

காம்பு உள்ளே அமிழ்ந்திருப்பவர்களுக்குப் பயம் இன்னும் கூடுதல். கர்ப்பத்தின்போதே காம்பை இழுத்து இழுத்துப் பயிற்சி செய் என்ற பழைய அறிவுரையை 1992இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. பதிலாக ஒரு எளிய வழி நம் பக்கத்து மாநிலத்திலிருந்தே வந்தது. கர்நாடகத்தின் தாவணகெரேயில் குழந்தை மருத்துவர் நிர்மலா கேசரியும் உடன் இருந்தவர்களும் சாதாரண டிஸ்போசபிள் சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய பக்கம் வழியாகப் பிஸ்டனை நுழைத்து, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெல்ல இழுத்துப் பிடிக்கும் முறையை 1993இல் வெளியிட்டார்கள். பால் கொடுப்பதற்குச் சற்று முன் செய்கிற வேலை இது, பிரசவத்துக்குப் பிறகு. சில ரூபாய் சிரிஞ்ச், செய்யும் விதத்தை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

புண்ணுக்கு என்ன தடவுவது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது, அது இரண்டாவது கேள்வி என்பதுதான் என் கட்சி. பிடி சரியாகாமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது. சரியான பிறகு, கடைசியில் வரும் கெட்டிப்பாலையே கொஞ்சம் பிழிந்து தடவிக் காற்றாட விடலாம், சுத்தமான லனோலின் களிம்பு தடவினால் துடைக்காமலே பால் கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டோ டெட்டால் போட்டோ கழுவ வேண்டாம். முன்னால் சொன்ன அந்தச் சுரப்பிகளின் எண்ணெய்தான் தோலுக்குக் காவல், அதன் வாசனையை வைத்துத்தான் பிறந்த குழந்தை மார்பைத் தேடுகிறது, அதைப்போய் நாமே கழுவித் துடைக்கிறோம். துணியோ பேடோ புண்ணில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். பம்ப் பயன்படுத்துகிறவர்கள் புனலின் அளவைப் பாருங்கள், காம்பு பக்கங்களில் தேயாமல் போய்வர வேண்டும். எல்லா மார்புக்கும் ஒரே அளவு சேராது.

பால் கட்டிக்கொள்வது தனிக் கதை. பிரசவமாகி மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் மார்பு கல்லாக இறுகி, கருவட்டமும் விறைத்துப்போய், குழந்தையால் பிடிக்கவே முடியாமல் காம்பு நுனியை மட்டும் கவ்வும், அதனால் வலி. விரல்களைக் காம்பின் அடியைச் சுற்றி வைத்து ஒரு நிமிடம் மெல்ல உள்நோக்கி அழுத்தினால் அந்த இடம் இளகும், உடனே குழந்தையை வைத்துவிடலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பாட்டி கையால் அழுத்தி நீவி விடுவது நம் வழக்கம். ஆனால் பாலூட்டல் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்கு நேர் எதிராகப் போகிறது. அழுத்தி நீவினால் உள்ளே வீக்கம் கூடும், எல்லாப் பாலையும் ஒட்டப் பிழிந்தால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும், அதனால் ஐஸ் ஒத்தடம், இபுப்ரோஃபென், குழந்தைக்கு வேண்டிய அளவு பாலூட்டல் என்கிறது. பாட்டிகளோடு சண்டை போட வேண்டாம், கையை லேசாக வைக்கச் சொன்னால் போதும். ஒரு பக்கம் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்து, ஒரு நாளில் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அப்போதும் பாலை நிறுத்த வேண்டியதில்லை, பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.

மல்லிகைப்பூவை மார்பில் கட்டிப் பாலை வற்றவைப்பது நம்மிடம் இருக்கும் பழக்கம். அதைக் கேலி செய்ய வேண்டாம், பாலை வற்றவைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் வெளியான ஓர் ஆய்வில் பூவும் பாலைக் குறைத்தது. அதனாலேயே, பால் தொடர்ந்து வேண்டும் என்று நினைப்பவர்கள் கட்டு இறங்கட்டுமே என்று மல்லிகையைக் கட்டக்கூடாது.

பிடி சரி, புண் இல்லை, ஆனால் குழந்தை குடித்து முடித்த பிறகு குத்துகிறது, எரிகிறது, ஊசி இறங்குகிறது என்றால்? இங்கேதான் அதிகமாகத் தவறு நடக்கிறது. உடனே பூஞ்சைத் தொற்று என்று களிம்பு எழுதிவிடுகிறார்கள். குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், தாயின் காம்பில் பளபளப்பான சிவப்பும் செதிலும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், இருவருக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும். ஆனால் வலி மட்டும் இருந்து, காம்பு வெள்ளையாகி, சிலருக்கு நீலம் பாரித்து, அப்புறம் சிவந்து துடிக்கிறது, ஏசி அறையிலும் குளித்துவிட்டு வந்ததும் கூடுகிறது என்றால் அது ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. குளிரில் விரல் நுனி வெளுக்கும் கோளாறை 1862இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் ரேனோவின் பெயரால் அழைக்கப்படும் அதே கோளாறுதான் காம்பிலும் வருகிறது. பூஞ்சைக் களிம்பு எத்தனை டியூப் போட்டாலும் இது போகாது. குடித்து முடித்ததும் உடனே மூடிவிடுங்கள், காய்ந்த வெதுவெதுப்பான துணியை வையுங்கள், புகையிலைப் பழக்கம் இருந்தால் விட வேண்டும். அதிலும் அடங்கவில்லை என்றால் டாக்டர் ரத்தக் குழாயை விரிக்கும் நிஃபெடிபின் மாத்திரை தருவார். காம்பு நிறம் மாறும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு போய்க் காட்டினால், வாயால் விளக்குவதைவிட சீக்கிரம் புரியவைக்கலாம்.

காம்பு நுனியில் வெள்ளைப் புள்ளி ஒன்று வந்து வலித்தால் குண்டூசியால் குத்தாதீர்கள், தொற்றுதான் மிஞ்சும்.

இப்போது பாலூட்டலோடு சம்பந்தமே இல்லாத தோல் விஷயம். கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பில் அரிப்பு, நீர் கசிவு, பொருக்கு என்றால் பெரும்பாலும் அது எக்ஸிமா, கரப்பான். சின்ன வயதில் கரப்பான், ஆஸ்துமா, தும்மல் இருந்தவர்களுக்கு அதிகம் வரும். 1980இல் ஹனிஃபின், ராஜ்கா என்ற இரண்டு மருத்துவர்கள் கரப்பானை அடையாளம் காண வகுத்த அளவுகோல்களிலேயே காம்பில் வரும் எக்ஸிமாவும் ஒன்று. புதுச் சோப்பு, துணி கண்டிஷனர், வாசனைப் பவுடர், பாடி ஸ்ப்ரே, காம்புக்கென்று வாங்கிய க்ரீமே கூடக் காரணமாகலாம். பொதுவாக இரண்டு பக்கமும் வரும், கருவட்டத்திலிருந்து ஆரம்பிக்கும், வரும் போகும். காரணமான பொருளை நிறுத்தி, டாக்டர் சொல்லும் மிதமான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்கள் போட்டால் அடங்கும்.

இதேபோலத் தோற்றம் காட்டுகிற இன்னொன்று இருக்கிறது. லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1874இல் சுமார் 15 பெண்களைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் காம்பில் எக்ஸிமா மாதிரி ஒரு புண், எந்த மருந்துக்கும் ஆறாதது, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குள் எல்லோருக்கும் மார்பில் புற்றுநோய். பேஜெட் நோய் என்று இன்று சொல்வது இதைத்தான். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரைதான் இது, அரிது. ஆனால் ஏமாற்றுவதில் கெட்டிக்காரன். பெரும்பாலும் ஒரே பக்கம், காம்பிலேயே ஆரம்பித்துக் கருவட்டத்துக்குப் பரவும், மெல்ல மெல்ல நகரும், காம்பு தட்டையாகலாம், உள்ளே இழுக்கலாம்.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் அரிப்பு என்று சொன்னால் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் கலந்த ஒரு களிம்பை நீட்டுவார்கள். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது, கடைக்காரர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. அந்தக் களிம்பு பேஜெட்டின் சிவப்பையும் கொஞ்ச நாளைக்குக் குறைத்துக் காட்டும். ஆறிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம், திரும்ப வரும், திரும்ப டியூப், இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். அதனால், ஒரு பக்கக் காம்பில் மட்டும் வந்த புண் ஒழுங்கான சிகிச்சையில் இரண்டு மூன்று வாரத்தில் முழுதாக ஆறவில்லை என்றால் தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பயாப்ஸி பார்க்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) சரியாக இருந்தது என்பதை மட்டும் வைத்து இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பால் கொடுக்காதவருக்குக் காம்பிலிருந்து ஏதாவது வந்தால் நிறத்தையும் எத்தனை துளையிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். அழுத்தினால் மட்டும், இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து வருவது பெரும்பாலும் கவலைக்குரியது இல்லை. நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் பால் குழாய்கள் விரிந்து பச்சையாகவோ அழுக்கு நிறத்திலோ கெட்டியாகக் கசியும், காம்புக்குப் பின்னால் வலியும் இருக்கும். புகைப்பவர்களுக்கு அங்கே திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பதும் உண்டு. பாலே வந்தால், தைராய்டு குறைவு, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, அல்லது நீங்கள் சாப்பிடும் மாத்திரை காரணமாக இருக்கலாம். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் டொம்பெரிடோன், சில மனநல மருந்துகள் இதைச் செய்யும், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் அளவு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் தானாகவே, ஒரே பக்கம், ஒரே துளையிலிருந்து ரத்தமாகவோ தண்ணீராகவோ வந்தால் அதே வாரம் போய்க் காட்டுங்கள். குழாய்க்குள் வளரும் சாதாரணச் சதையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, கைக்குக் கட்டி தட்டுப்படுவது, தோல் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, இவையும் வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாதவை.

யாரிடம் போவது? பால் கொடுப்பவர் என்றால் மகப்பேறு மருத்துவரிடமோ பாலூட்டல் ஆலோசகரிடமோ, இரு பக்கமும் அரிப்பு என்றால் தோல் மருத்துவரிடம், ஒரு பக்கப் புண், கசிவு, கட்டி என்றால் அறுவை மருத்துவரிடம். தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண் நர்ஸ்தான் பார்ப்பார், செலவில்லை. எங்கே போனாலும் எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், இதுவரை என்னென்ன களிம்பு போட்டீர்கள் என்பதை எழுதி எடுத்துப் போங்கள், பாதி தீர்ந்த டியூப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பயாப்ஸி எடுக்கப்போகிறார்கள் என்றால் அதற்கு முன் சில நாட்கள் ஸ்டீராய்டு களிம்பை நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.